டேக் என்பதைக் கணக்கறிக்கையில் ‘குறிச்சொல்’ என்று எழுதாதீர்கள்

சுங்கை சிப்புட்டில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் ‘குறிச்சொல்’ என்ற சொல் என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. டேக் (tag) என்பதைத்தான் அப்படி மொழிபெயர்க்கிறார்கள். கணக்கறிக்கையை எக்ஸ்பிஆர்எல் (XBRL) என்ற, கணினி படித்துப் புரிந்துகொள்ளும் வடிவில் தாக்கல் செய்வது பற்றித் தமிழில் விளக்க வருகிறவர்கள் எல்லாரும் ‘ஒவ்வொரு தொகைக்கும் குறிச்சொல் இட வேண்டும்’ என்கிறார்கள். அண்மையில் கைக்கு வந்த ஒரு விளக்கத்தாளிலும் அதே வரி. அதைப் படித்துவிட்டு, தோட்டத்துக்கு லாரி விடும் ஒருவர் என்னிடம் வந்து, “அண்ணே, வருமானத்துக்கு லாரி, ஈப்போ, போக்குவரத்துன்னு மூணு குறிச்சொல் போட்டா போதுமா?” என்று கேட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தச் சொல்லைப் படித்த யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

டேக் என்ற ஆங்கிலச் சொல் முதலில் துணியில் தொங்கும் சிறு துண்டைக் குறித்தது. அப்புறம் கயிற்று நுனியில் மாட்டும் உலோகமுனை, அதன்பின் பொருளில் கட்டித் தொங்கவிடும் அடையாளச் சீட்டு என்று பொருள் நகர்ந்து, கடைசியில் கணினிக்குள் வந்து சேர்ந்தது. வேர் வரலாறு இவ்வளவு போதும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கட்டத்திலும் டேக் ஒரு ‘சொல்’லாக இருந்ததில்லை. ஒரு பொருளோடு ஒட்டி நின்று அது இன்னதென்று காட்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

எக்ஸ்பிஆர்எல் 1998இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கணக்காளர் சார்ல்ஸ் ஹாஃப்மன் தொடங்கிய முயற்சியில் பிறந்தது. இன்று புழங்கும் 2.1 பதிப்பு 2003இல் வெளியானது. சிங்கப்பூர் 2007இலும், அமெரிக்காவின் பங்குச்சந்தை ஆணையம் 2009இலும், இந்தியா 2011இலும் இதை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கத் தொடங்கின. நம் மலேசியாவில் எஸ்எஸ்எம், அதாவது நிறுவனங்கள் ஆணையம், எம்பிஆர்எஸ் என்ற மின்தாக்கல் முறையை 2018இல் கொண்டுவந்தது. எக்செல்லில் இயங்கும் எம்டூல் என்ற மென்பொருளும் அதோடு வந்தது. கட்டத்தில் தொகையை நிரப்பினால் டேக் பின்னால் தானாக ஏறிக்கொள்ளும். டேக்கை நாம் கண்ணால் பார்ப்பதே இல்லை. தமிழில் விளக்கம் எழுதுகிறவர்கள் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, அந்த டேக் என்ன செய்கிறது? அறிக்கையில் 4,50,000 என்று ஓர் எண் இருக்கிறது. மனிதன் பக்கத்தில் இருப்பதைப் படித்து அது விற்பனை வருமானம் என்று புரிந்துகொள்வான், கணினிக்கு அது வெறும் எண். டேக்தான் இது வருமானம் என்று சொல்கிறது. அந்தத் தொகை எந்த நிறுவனத்துக்கு உரியது, எந்தக் காலத்துக்கு, ரிங்கிட்டா டாலரா, எந்த அளவுக்குத் துல்லியம் என்பதெல்லாம் அதோடு கட்டப்பட்டிருக்கும். நம் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர், வெட்டிய காம்பின் முகத்தில் தன் எண்ணை எழுதி வைப்பார். கணக்கெடுக்க வருகிறவர் அந்த எண்ணைப் பார்த்துத்தான் யார் கணக்கில் எத்தனை குலை என்று பதிகிறார். அது நிர்வாகம் கொடுத்த எண், விருப்பம்போல மாற்றிக்கொள்ள முடியாது. எக்ஸ்பிஆர்எல்லில் டேக் செய்யும் வேலையும் அதுதான்.

இப்போது குறிச்சொல்லுக்கு வருவோம். வலைப்பதிவுக் காலத்தில் பரவிய சொல் அது. நாம் எழுதிய ஒன்றை நாலு பேர் தேடினால் கிடைக்க வேண்டும் என்பதற்காக ‘சமையல்’, ‘பயணம்’ என்று நமக்குத் தோன்றியதை அடியில் போடுவோம். அந்த இடத்தில் நல்ல சொல், பொருத்தமான சொல், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் கடவுச்சொல், திறவுச்சொல், குறிச்சொல் என்ற இந்தக் குடும்பத்தில் எல்லாமே நாம் தேர்ந்து போடுகிற சொற்கள். கணக்கறிக்கையில் தேர்வு நம் கையில் இல்லை. ஒரு பொதுப் பட்டியல் இருக்கிறது, அதில் வரையறுத்தது எதுவோ அதைத்தான் பொருத்த வேண்டும். அமெரிக்காவில் நிறுவனங்கள் சொந்தமாக ஒரு டேக்கைச் சேர்த்துக்கொள்ள இடமுண்டு என்று யாராவது வாதாடலாம். உண்மைதான், எக்ஸ்பிஆர்எல் என்ற பெயரின் ‘எக்ஸ்’ சொல்லும் ‘விரியும்’ (எக்ஸ்டென்சிபிள்) தன்மை அதுவே. அப்போதும் அதன் பெயர், அது தொகையா எண்ணிக்கையா, ஒரு நாளுக்குரியதா ஒரு காலத்துக்குரியதா என்பதையெல்லாம் கோப்பில் வரையறுத்தாக வேண்டும். மனம்போன போக்கில் ஒரு சொல்லை ஒட்டிவிட்டுப் போக முடியாது.

தோட்டக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் நடப்புக்கு வந்த பன்னாட்டுக் கணக்கியல் திருத்தத்தின்படி செம்பனை மரம் வேறு, மரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் குலை வேறு. மரம் ‘விளைச்சல் தாங்கும் பயிர்’ என்று கட்டடம், இயந்திரம் இவற்றோடு நிலைச்சொத்தில் போய்விட்டது, குலை மட்டும் உயிரியல் சொத்தாக நின்றுவிட்டது. இரண்டுக்கும் மதிப்பிடும் முறையே வேறு. குறிச்சொல் என்று நினைத்தால் இரண்டுக்கும் ‘செம்பனை’ என்று போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம், தேடினால் இரண்டும் கிடைக்கும். எக்ஸ்பிஆர்எல்லில் அப்படிப் போட முடியாது, மரத்துக்கு ஒன்று, குலைக்கு இன்னொன்று, மாறிப் பொருத்தினால் சொத்தின் தன்மையே தவறாகப் பதிவாகும்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் எனக்குப் பெரிய வாதம். எக்ஸ்பிஆர்எல்லில் ஒரே டேக்குக்கு மலாயில் ஒரு பெயர், ஆங்கிலத்தில் ஒரு பெயர், தமிழில் ஒரு பெயர் என்று எத்தனை மொழியிலும் பெயர்ச்சீட்டு வைக்கலாம். பெயர் மாறினாலும் டேக் மாறாது. அதாவது சொல் என்பது டேக்குக்கு மேல் போர்த்திய சட்டை மட்டும். அதைப் போய்க் குறிச்‘சொல்’ என்றால் சட்டையை ஆள் என்று சொன்ன கதையாகிறது.

மாற்றுச் சொற்கள் சில வழக்கில் உண்டு. ‘ஒட்டு’ என்பார்கள். நம் ஊரில் ஒட்டு என்றால் ரப்பர் ஒட்டுக்கன்றுதான் நினைவுக்கு வரும். மாட்டின் காதில் போடுவதை ‘வில்லை’ என்பது நல்ல வழக்கு, ஆனால் மாத்திரையும் வில்லை, கண்ணாடியும் வில்லை. ‘குறியீடு’ என்றால் நிரல் எழுதுவதோடு கலந்துவிடும்.

இத்தனைக்கும் இந்தச் செயல் தமிழனுக்குப் புதிதல்ல. புகார் நகரில் குவிந்த சரக்கை ‘தம்பெயர் பொறித்த கண்ணெழுத்துப் படுத்த எண்ணுப் பல்பொதி’ என்கிறது சிலப்பதிகாரம். பெயர் பொறித்து, எழுத்திட்டு, எண்ணி வைத்த பொதிகள். ‘கண்ணெழுத்து’ என்ற சொல்லையே மீட்டுவிடலாம் என்று எனக்கும் ஆசை உண்டு. ஆனால் லாரி வைத்திருப்பவருக்கு அதை விளக்க இன்னொரு தாள் அச்சடிக்க வேண்டியிருக்கும், படிக்கிறவருக்கு உடனே புரியாத தூய்மையால் யாருக்கும் பயனில்லை. அதனால் நான் சொல்வது ‘அடையாளக்குறி’. இட வேண்டிய இடத்தில் ‘குறியிடுதல்’. இரண்டும் எல்லாருக்கும் தெரிந்த சொற்கள், இரண்டிலும் ‘சொல்’ இல்லை.

நான் மேலே சொன்ன பொதுப் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் டாக்சானமி என்று பெயர், அதை ‘வகைப்பாட்டியல்’ என்று எழுதுவதும் இதே நோய்தான். செடிகொடிகளை வகைப்படுத்தும் துறைக்கு இயல் சரி. எஸ்எஸ்எம் வெளியிடுவது ஒரு துறை அல்ல, அடையாளக்குறிகளின் பட்டியல், அவற்றின் வரையறை, ஒன்றுக்கொன்று உள்ள கூட்டல் கழித்தல் உறவு எல்லாம் அடங்கிய கோப்புத் தொகுதி. ‘குறித்தொகுதி’ போதும். எதைக் கண்டாலும் இயல் சேர்த்தால் அறிவாகத் தெரியும் என்று நம் மொழிபெயர்ப்பாளர்கள் நம்புகிறார்கள். அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். எம்டூலைத் திறந்து ஒரே ஒரு கட்டத்தையாவது நிரப்பிப் பார்த்துவிட்டு எழுதியிருந்தால் ‘குறிச்சொல்’ அந்தத் தாளில் வந்திருக்காது.

எக்ஸ்பிஆர்எல் என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். ‘விரிவாக்கத்தக்க வணிக அறிக்கை மொழி’ என்று முழுதாக எழுதினால் ஏதோ புதுமொழி படிக்க வேண்டும் போல என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். அடுத்த முறை விளக்கத்தாள் அடிக்கிறவர்கள் இப்படி எழுதலாம்: ‘உங்கள் அறிக்கையின் ஒவ்வொரு தொகைக்கும் ஆணையத்தின் குறித்தொகுதியில் உள்ள அடையாளக்குறி பொருத்தப்படும்.’