பின்சக்கரங்களுக்கு நடுவே ஒரு ரப்பர் புஷ்

வேளச்சேரியில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருக்கிறது. விடியற்காலையில் அங்கே வேறு சத்தமே இருக்காது. அதனால்தான் அந்த 'டொக்' என் காதில் விழுந்தது. கியரை 'ஆர்'-ல் (ரிவர்ஸ்) போட்டால் பின்சீட்டுக்கு அடியில் ஒரு டொக். முன்னால் போக 'டி'-க்கு மாற்றினால் இன்னொரு டொக். வெளியே வந்துவிட்டால் விஜயநகர் சந்திப்பின் ஹாரன் இரைச்சலில் ஒன்றும் தெரியாது. ஆனால் ஓ.எம்.ஆரில் ஊர்ந்து போகும்போது, ஆக்சிலரேட்டரை மிதித்து விடும் ஒவ்வொரு முறையும் பாதத்தில் லேசாக ஒரு தட்டு.

முதலில் பார்த்த மெக்கானிக், கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும் என்றார். மனசு ஒப்பவில்லை. புதுப்பேட்டைப் பக்கம் பல வருடங்களாகப் பின்சக்கர இழுவை வண்டிகளையே பார்த்துவரும் இன்னொருவரிடம் கொண்டுபோனேன். அவர் காரை லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலுக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே நீளமான லிவரைக் கொடுத்து நெம்பினார். அவ்வளவு கனமான இரும்புப் பெட்டி அரை விரல் அளவு எழும்பி, டொக் என்று மறுபடி உட்கார்ந்தது. அதே சத்தம். "தம்பி, லைட்டைக் கிட்ட பிடி. சார், இங்க பாருங்க, புஷ் கிழிஞ்சிருக்கு. கியர்பாக்ஸ்ல ஒண்ணும் இல்ல." புஷ் என்றால் உலோக உறைக்குள் ரப்பர் வைத்த சின்ன உருளை.

இப்படி ஒரு சத்தம், எஞ்சின் சுழற்சியைப் பின்னால் கொண்டுவரும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட்டிலிருந்தும் வரலாம், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிலிருந்தும் வரலாம். அதனால் நெம்பிப் பார்க்காமல் எதையும் பிரிக்கக் கூடாது.

டிஃபரன்ஷியலின் வேலை பலருக்கும் தெரிந்ததுதான். முன்னால் இருக்கும் எஞ்சினின் சுழற்சி நீளமான ஷாஃப்ட் வழியாகப் பின்னால் வருகிறது. அதை 90 டிகிரி திருப்பி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது அந்தப் பெட்டி. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்கும் இடம் கொடுக்கிறது. பழைய அம்பாசடரில் டிஃபரன்ஷியல் அச்சோடு சேர்ந்தே இருந்தது, பட்டை ஸ்பிரிங்குகள் மொத்தத்தையும் பிடித்துக்கொண்டன. ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் கார்களில் அப்படி இல்லை. டிஃபரன்ஷியல் ஒரு சட்டத்தில் தொங்குகிறது. அதற்கும் சட்டத்துக்கும் நடுவில் இருப்பதெல்லாம் சில ரப்பர் புஷ்கள்தான். (சென்னையில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. அவற்றில் பின்னால் டிஃபரன்ஷியலே கிடையாது.)

சரி, அந்த டொக் எங்கிருந்து வருகிறது? டிஃபரன்ஷியல் சக்கரத்தை முன்பக்கமாகச் சுழற்றினால், அதே முறுக்கு எதிர்த்திசையில் அதன் உடம்பின் மேலேயே திரும்புகிறது. கனமான திருகாணியை முறுக்கும்போது நம் மணிக்கட்டு எதிர்ப்பக்கம் திருகுமே, அதே கதை. முன்னால் போகும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு மேலே எழப் பார்க்கும். பின்னால் எடுக்கும்போது கீழே குனியப் பார்க்கும். புஷ் நன்றாக இருந்தால் இந்த அசைவு சில மில்லிமீட்டரில் மெத்தென்று அடங்கிவிடும். கிழிந்துவிட்டால் நடுவில் தடுக்க ஆள் இல்லை. இரும்பு போய் எதிர்ப்பக்க விளிம்பில் மோதுகிறது. 'ஆர்'-க்கும் 'டி'-க்கும் மாற்றும்போது சத்தம் வந்ததற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு விசை? 1,600 கிலோ காரில் பாதி எடை பின்சக்கரங்கள் மேல் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த தார்ச்சாலையில் அந்த டயர்கள் வழுக்காமல் சுமார் 7,000 நியூட்டன் வரை தள்ள முடியும். சக்கரத்தின் ஆரம் 0.3 மீட்டர், முறுக்கு 2,100 நியூட்டன் மீட்டர். முன் புஷ்ஷுக்கும் பின் புஷ்ஷுக்கும் அரை மீட்டர் இடைவெளி இருந்தால், ஒவ்வொரு முனையிலும் 4,200 நியூட்டன். அதாவது 430 கிலோ, நன்கு வளர்ந்த ஒரு எருமையின் எடை. சிக்னலில் மெதுவாகக் கிளம்பும்போது இதில் சிறு பங்குதான் வரும். ஆனால் அது ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை, மேலும் கீழுமாகத் திசை மாறி மாறி வருகிறது. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியைவிட மத்திய கைலாஷில் நின்று நின்று போகும் வண்டியின் புஷ் அதிகம் உழைக்கிறது.

அப்படியானால் ரப்பர் எதற்கு, இரும்போடு இரும்பாகவே முடுக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். பற்சக்கரங்கள் பாடும் என்பதுதான் பதில். 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 12 முறை சுற்றுகிறது. டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரௌன் வீலில் 37 பல் இருந்தால், பல்லோடு பல் சேர்வது வினாடிக்கு சுமார் 430 முறை. ஐந்தரைக் கட்டையில் பாடும் பாடகியின் மேல் ஷட்ஜத்தை ஒட்டிய சத்தம் அது. இரும்பு வழியாக நேராக வந்தால் கார் முழுவதும் ஒரு தம்புராவாகிவிடும். ரப்பர் அதை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் உயர உயரப் போகும். அதைவிடப் பல மடங்கு வேகமாகக் கையை முன்னும் பின்னும் ஆட்டினால் ஊஞ்சல் அசையவே அசையாது. ரப்பரில் தொங்கும் டிஃபரன்ஷியலும் அப்படித்தான். பற்கள் எழுப்பும் வேகமான அதிர்வு சட்டத்தை எட்டுவதற்குள் மிகவும் குறைந்துவிடுகிறது.

ரப்பரைப் பற்றி ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை. அதை எளிதில் வளைக்கலாம், ஆனால் அதன் கன அளவைக் குறைப்பது மகா கடினம். பள்ளிக்கூட அழிரப்பரை விரலால் அழுத்திப் பாருங்கள்: சுருங்காது, பக்கவாட்டில் பிதுங்கும். பிதுங்க இடம் இல்லாத குழாய்க்குள் அடைத்துவிட்டால் ஏறக்குறைய கல் மாதிரி ஆகிவிடும். அதனால் புஷ் வடிவமைப்பவர்கள் ரப்பருக்குள் வேண்டுமென்றே பிறை வடிவக் காலி இடங்கள் விடுகிறார்கள். காலி இடம் இருக்கும் திசையில் புஷ் மென்மை. இல்லாத திசையில் கெட்டி. வட்டமான புஷ்தானே, எப்படிப் போட்டால் என்ன என்று நினைப்பது தப்பு. அதற்குத் திசை உண்டு.

சென்னையில் இந்த ரப்பருக்கு எதிரிகள் பல. காற்றில் உள்ள ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்டுகிறது. மெல்லிய வெடிப்புகள் அதன் கையெழுத்து. வெயில் காலச் சூட்டோடு பக்கத்தில் போகும் சைலன்சர் குழாயின் சூடும் சேர்ந்துகொள்ளும். கடலோர உப்புக்காற்றில் உலோக உறை துருப்பிடித்து, ரப்பர் ஒட்டியிருக்கும் விளிம்பு உரியத் தொடங்கும். ஆனால் நான் அதிகம் பயப்படுவது எண்ணெய்க்குத்தான். இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பி, கொழகொழவென்று ஆகிவிடும். என் காரில், ஷாஃப்ட் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் இடத்தில் எண்ணெயைத் தடுக்கும் பினியன் சீல் கசிந்திருந்தது. அதை மாற்றாமல் புது புஷ் மட்டும் போட்டிருந்தால் அதுவும் சீக்கிரமே போயிருக்கும்.

வேலை தொடங்கியது. டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஒரு ஜாக்கியைக் கொடுத்துத் தாங்கி, ஷாஃப்டுகளைக் கழற்றி, போல்ட்டுகளை எடுத்து, மெல்ல இறக்கினார்கள். அதைக் கீழே வைத்திருக்கும்போதே எண்ணெயையும் பார்த்தார்கள். வெள்ளத்தில் ஓடிய வண்டி என்றால் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சூடான பெட்டி திடீரென்று தண்ணீரில் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மேலே உள்ள சின்ன மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துவிடும். எண்ணெய் பால் டீ நிறத்துக்கு மாறிவிடும். எனக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

பழைய புஷ்ஷைச் சிலர் தீ வைத்து எரித்து எடுப்பார்கள். அந்தப் புகை நெஞ்சுக்குக் கெடுதல், சுற்றியுள்ள அலுமினியத்துக்கும் கெடுதல். சுத்தியலால் அடிப்பது அதைவிட மோசம். இவர் ஒரு பக்கம் அகலக் கிண்ணம், மறுபக்கம் குறுகிய தட்டு, நடுவில் நீளத் திருகு வைத்து முடுக்கினார். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் ஒரு 'டப்'; கிண்ணத்துக்குள் கறுப்பாக எட்டிப் பார்த்தது. வெளியே எடுத்த புஷ்ஷைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ரப்பர் எல்லாப் பக்கமும் தேய்ந்திருக்கவில்லை. மேலும் கீழும் இரண்டு இடங்களில் மட்டும் முழுசாகக் கிழிந்திருந்தது. மூக்கு எழுந்த திசையும் குனிந்த திசையும் அதில் அப்படியே பதிந்திருந்தன.

புதிய புஷ் முந்தின இரவே ஃப்ரீசருக்குள் போயிருந்தது. 34 டிகிரி வெயிலிலிருந்து மைனஸ் 18-க்குப் போனால், 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உறை சுமார் 0.037 மில்லிமீட்டர் சுருங்கும். தலைமுடியில் பாதித் தடிமன்தான். ஆனால் இறுக்கமாகப் பொருந்த வேண்டிய துளையும் உறையும் வேறுபடுவதே இந்த மாதிரி அளவுகளில்தான், அதனால் அந்த அரை முடி பெரிய உதவி. துளையைச் சுத்தமாகத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவினார். கிரீஸ் தொடவே இல்லை. புஷ்ஷின் பிறை இடங்கள் பழையது இருந்த அதே திசையில் நிற்கும்படி சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டு, அதே திருகால் உள்ளே இழுத்தார். சென்னை வெக்கையில் ஃப்ரீசர் கொடுத்த சுருக்கம் சில நிமிடம்தான் தாங்கும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை.

கெட்டியான பாலியூரித்தேன் புஷ் போடலாமா என்று கேட்டேன். நீண்ட நாள் உழைக்கும், டிஃபரன்ஷியல் அசையவும் அசையாது. பந்தய வண்டிக்குச் சரி. தினமும் குடும்பத்தோடு போகும் காருக்கு நான் போட மாட்டேன், ஏனென்றால் ரப்பர் விழுங்கிக்கொண்டிருந்த பற்சக்கரச் சத்தம் முழுவதும் பின்சீட்டுக்கு வந்துவிடும். அவரும் அதையேதான் சொன்னார்.

இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்ற கோணக் கணக்கில் முடுக்கும் போல்ட்டுகள் முதல் தடவையிலேயே நீண்டுவிடுவதால் புதிய போல்ட்டுகள் வாங்கிக் கொடுத்திருந்தேன். டிஃபரன்ஷியல் தன் இயல்பான நிலையில் உட்கார்ந்த பிறகே, முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கடைசி முடுக்கு. பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து சட்டம் வரை வெள்ளை பெயிண்டில் ஒரு மெல்லிய கோடு இழுத்தார். போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொன்னார். போனேன். லிஃப்டில் ஏற்றி லைட் அடித்துப் பார்த்தோம். கோடுகள் நான்கும் உடையாமல் நேராக இருந்தன.