டிஸ்டோபியா: தமிழில் என்ன சொல்லலாம்?

குடிமக்களின் வாழ்வை முழுக்கக் கட்டுக்குள் வைத்து, அதுவே நன்மை என்று அவர்களையே நம்பவைத்திருக்கும் கற்பனைச் சமூகம் டிஸ்டோபியா. அத்தகைய சமூகத்தைக் காட்டும் கதையையும் இப்படியே அழைக்கிறோம்.

இதற்கு மூத்த சொல் 'யுடோபியா'. ஆங்கில அறிஞர் தாமஸ் மோர் 1516இல் வெளியான தன் லத்தீன் நூலுக்காகக் கட்டியது. கிரேக்கத்தில் 'ஊ' என்றால் இல்லை, 'டோபோஸ்' என்றால் இடம். ஆக, இல்லாத இடம். 'நல்ல' என்று பொருள்படும் 'எயு' ஒலியில் நெருங்கி நிற்பதால் நல்ல இடம் என்றும் காதில் விழும். 'டிஸ்' என்பது கெட்ட. 1868இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய விவாதத்தின்போது தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எதிர்த்தரப்பை 'டிஸ்டோபியர்கள்' என்று சாடியது புகழ்பெற்ற சொல்லாட்சி.

இந்த 'டிஸ்'ஸும் வடமொழித் 'துர்'ரும் ஒரே வேரின் கிளைகள். அப்படியானால் நேர்ச்சொல் 'துர்ஸ்தானம்'. ஆனால் 6, 8, 12ஆம் வீடுகளுக்கு அதைச் சோதிடர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

தமிழில் புழங்கும், முன்வைக்கத்தக்க சொற்களை ஒரு நாவலில் வைத்து உரசிப் பார்க்கலாம். லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993), இளையோருக்கான நாவல். அங்கே பசி இல்லை, போர் இல்லை. குடும்பத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இரண்டே பிள்ளைகள். அவர்களும் பெற்றவர்கள் அல்லர், ஒதுக்கப்பட்டவர்கள். 9 வயதில் சைக்கிள், 12 வயதில் வேலை, இரண்டையும் சமூகமே தரும். பருவ ஆசை அரும்பினால் மாத்திரை. நிறங்களும் பழைய நினைவுகளும் மக்களிடம் இல்லை. கொலைக்குப் பெயர் 'விடுவிப்பு'.

'துயருலகு' இங்கே பொருந்தாது. அங்குள்ளவர்களுக்குத் துயரமே தெரியாது, அதுதான் சிக்கல். 'பாழுலகு' பேரழிவுக்குப் பிந்தைய கதைகளுக்கு உரியது. 'எதிர்க் கற்பனாவாதம்' ஒரு கொள்கையின் பெயர்போல ஒலிக்கிறது, இடத்தைச் சுட்டவில்லை. 'கேட்டுலகு' (கேடு + உலகு) இலக்கணப்படி சரி. ஆனால் கண் அதைக் 'கேட்டு' என்ற வினையெச்சமாகவே முதலில் படிக்கும்.

'கொடுநாடு' என்பதே எங்கள் தேர்வு. 'கொடு' என்பதற்கு வளைந்த என்ற பொருளும் உண்டு: செங்கோலுக்கு எதிர் கொடுங்கோல், செந்தமிழுக்கு எதிர் கொடுந்தமிழ். குறளிலும் செங்கோன்மைக்கு அடுத்த அதிகாரம் கொடுங்கோன்மை. நேராக நிற்பதாகக் காட்டிக்கொண்டே கோணிப்போன சமூகத்தை இச்சொல் பிடித்துவிடுகிறது. கொடுமையும் கூடவே ஒலிக்கிறது.

அடையாக வரும்போது 'கொடுநாட்டு நாவல்' என்று எழுதுக. 'கொடுநாடு நாவல்' பிழை. 'டிஸ்டோபியன் நாவல்' என்பதில் ஆங்கில விகுதியும் சேர்ந்தே வந்துவிடுகிறது. கடன்சொல்லே வேண்டுமென்றால் 'டிஸ்டோபிய நாவல்' போதும்.