டைனோசர் என்ன நிறம்?

சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில் கிடைத்து, 1996-இல் உலகுக்குத் தெரியவந்தது சைனோசாரோப்டெரிக்ஸ். சுமார் ஒரு மீட்டர் நீளமே உள்ள சின்ன டைனோசர். வாழ்ந்தது 12 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். அதன் வாலை மூடியிருந்த இறகு போன்ற இழைகளில் செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டை போட்டிருந்தன என்று 2010-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கல்லாகிப் போனதில் நிறத்தை எப்படிப் படித்தார்கள்?

இறகிலும் முடியிலும் மெலனின் என்ற நிறமி, மெலனோசோம் எனப்படும் நுண்பைகளுக்குள் இருக்கிறது. கறுப்பு தரும் பை பிடிகொழுக்கட்டை மாதிரி நீளமாக இருக்கும். செம்பழுப்பு தருவது சீடை மாதிரி உருண்டை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் எலக்ட்ரான் நுண்ணோக்கி இல்லாமல் வடிவம் தெரியாது. மெலனின் லேசில் சிதையாத பொருள் என்பது நம் அதிர்ஷ்டம்.

கல்லாகிப் போன இறகுகளில் இந்த நுண்பைகளை விஞ்ஞானிகள் முன்பே பார்த்திருந்தார்கள். ஆனால் இறகை அழுகவைத்த பாக்டீரியா என்று நினைத்துவிட்டார்கள். அளவும் வடிவமும் அப்படியே இருப்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2008-இல் யேல் பல்கலைக்கழகத்தில் யாக்கோப் வின்தரும் சகாக்களும் பிரேசிலில் கிடைத்த ஓர் இறகுப் படிவத்தை ஆராய்ந்தார்கள். அதில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள். கறுப்புப் பட்டையில் இந்தத் துகள்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. வெளிர் பட்டையில் வெறும் பாறைதான். பாக்டீரியா என்றால் வெளுத்த பகுதியை மட்டும் ஏன் விட்டுவைக்கப்போகிறது? ஒன்றுமே இல்லாத பட்டையை வைத்து வழக்கை முடித்த இந்த வாதம்தான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது.

அப்புறம் நடந்தது பொறுமையான வேலை. இன்றைய பறவை இறகுகளின் மெலனோசோம்களை அளந்து, படிவங்களில் உள்ளவற்றோடு ஒப்பிட்டார்கள். நான்கு சிறகு கொண்ட மைக்ரோராப்டர் என்ற டைனோசரில் அவை நீண்டு மெலிந்திருந்தன. காக்கை இறகில் தெரியும் நீலம் கலந்த மினுமினுப்பு அதற்கும் இருந்திருக்க வேண்டும் என்று 2012-இல் முடிவுக்கு வந்தார்கள்.

சரி, எல்லா நிறமும் சிக்குமா? சிக்காது. மண்ணுக்கடியில் வெப்பமும் அழுத்தமும் மெலனோசோமைச் சுருக்கிவிடும் என்பதைச் சோதனைக்கூடத்திலேயே காட்டியிருக்கிறார்கள். அளவை மட்டும் நம்பினால் கணிப்பு தவறலாம். கிளியின் பச்சை போன்றவற்றுக்கு மெலனின் மட்டும் போதாது, மஞ்சள் நிறமியும் வேண்டும். அது இப்படி வடிவம் பதித்துவிட்டுப் போவதில்லை. ஆகவே பொம்மைக் கடையில் தொங்கும் பச்சை டைனோசரை இந்த முறையால் சரியென்றும் சொல்ல முடியாது, தப்பென்றும் சொல்ல முடியாது.