கோலிஸ்டினும் கோழித் தீவனமும்

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். ஐசியூ நோயாளிகளின் சாம்பிளிலிருந்து கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்கும் கல்ச்சர் தட்டுகளைப் படிப்பது என் அன்றாட வேலை. சில நாட்களில் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு நேரே ‘ஆர்’, ‘ஆர்’ என்றே எழுதிக்கொண்டு வருவேன். ‘ஆர்’ என்றால் அந்த ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி அடங்காது. பல சமயம் கடைசியில் மிஞ்சுவது கோலிஸ்டின் மட்டும்தான். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று ஒரு காலத்தில் ஒதுக்கி வைத்த பழைய மருந்து அது. மற்றவை கைவிட்ட பிறகு வேறு வழியில்லாமல் திரும்ப எடுத்தோம்.

சில வருடங்களுக்கு முன் கால்நடை மருத்துவ முதுகலை மாணவி ஒருவர் எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “மேடம், இதைக் கோழித் தீவனத்தில் கலப்பார்களே!” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. உயிருக்குப் போராடுபவருக்கு நாங்கள் அளந்து அளந்து ஏற்றும் மருந்து, கோழி சீக்கிரம் எடை போடுவதற்காகத் தீவனத்தில் போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது. ஐசியூவில் அதுதான் கடைசி மருந்து என்பது அவருக்குத் தெரியாது.

விலங்குகளுக்கு இப்படிக் கொடுத்தால் கோலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் பெருகும். அந்த ஆபத்தை முதலில் உலகுக்குக் காட்டியவர்களும் கால்நடைப் பக்கத்திலிருந்து வந்தவர்களே. சீனாவில் பன்றிகளிடம் கோலிஸ்டின் எதிர்ப்பு கூடுவதைக் கவனித்துத் தேடியவர்கள், கிருமியைக் கோலிஸ்டினுக்கு அடங்காமல் செய்யும் எம்சிஆர்-1 என்ற மரபணுவை 2015 நவம்பரில் அறிவித்தார்கள். 804 விலங்குகளில் 166இலும், 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் அது இருந்தது. ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு அது. இந்தியாவில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது.

இப்படி மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் கண்டு சொன்னதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. வலிமையான பல ஆன்டிபயாடிக்குகளையும் செயலிழக்க வைக்கும் என்டிஎம்-1 என்ற நொதி கிருமிகளிடம் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டிய 2010ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கார்த்திகேயன் குமாரசாமி. அவர்கள் பார்த்த கிருமிகளில் பெரும்பாலானவை கோலிஸ்டினுக்கும் டிஜிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்குக்கும் மட்டுமே அடங்கின.

புதிய மருந்து தேடுவதிலும் இப்படி வெவ்வேறு துறைக்காரர்கள் சேர்ந்து செய்யும் வேலைதான் பலன் தருகிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் கணினிக்காரர்களும் உயிரியல்காரர்களும் சேர்ந்து, சர்க்கரை நோய்க்காக ஆராயப்பட்ட ஒரு மூலக்கூறு பாக்டீரியாவைக் கொல்லும் என்று 2020இல் கண்டுபிடித்தார்கள். ஹாலிசின் என்று பெயர் வைத்தார்கள். அது இன்னும் மருந்தாகிவிடவில்லை. ஆனாலும் நுண்ணுயிரியல் ஆள் மட்டும் தேடியிருந்தால் அந்த இடத்தில் தேடியிருக்கவே மாட்டார்.

எங்கள் துறைக்குள்ளேயே சின்ன விஷயங்களில் சறுக்குகிறோம். கோலிஸ்டின் பெரிய மூலக்கூறு, கிருமி வளர்க்கும் தட்டில் உள்ள அகார் என்ற கூழில் சரியாகப் பரவாது. வழக்கம்போல மருந்து தோய்த்த காகித வில்லையை (டிஸ்க்) வைத்துப் பார்த்தால் முடிவு தவறாக வரும். மருந்தைத் திரவத்தில் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த அளவில் கிருமி அடங்குகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு நேரமும் ஆளும் வேண்டும். இதை எளிதாக்க ஒரு கருவி செய்ய முடியுமா என்று இளம் பொறியாளர்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். டாக்டர் கல்ச்சர் எழுதிக் கொடுத்தால், முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சாம்பிள் கொடுங்கள். மெடிக்கலில் நீங்களாக வாங்கி இரண்டு மாத்திரை போட்ட பிறகு வந்தால், தட்டில் கிருமி வளராமலே போகலாம். அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்று எங்களால் சொல்ல முடியாது.

அந்த மாணவி இப்போது கால்நடை மருத்துவர். பண்ணைகளில் புதிதாக என்ன மருந்து புழங்குகிறது என்று தெரிந்தால் எனக்கு போன் செய்கிறார். ஐசியூவில் புதிதாக எதற்கு ‘ஆர்’ வருகிறது என்று நான் அவரிடம் சொல்கிறேன்.