வைன் சாராயமல்ல, தேறல்

போன வாரம் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில், ஓர் ஒட்டுக்கடையில் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. மலைச்சரிவில் திராட்சைத் தோட்டம். தாத்தாவும் பேத்தியும் குலை அறுத்துக் கூடையில் போடுகிறார்கள். கீழே தமிழ் எழுத்து: ‘நான்கு தலைமுறையாகச் சாராயம் காய்ச்சும் குடும்பம்.’ அடுத்த வரி இன்னும் மோசம்: ‘நிலையான நாட்டுச் சாராயமே இவர்கள் கனவு.’ பக்கத்து மேசைப் பெரியவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "என்னா தம்பி, சம்சு காய்ச்சுறவனையெல்லாம் டிவியில காட்டுறானுங்க?" என்று கேட்டார். சம்சு என்றால் இங்கே மலிவான நாட்டுச் சாராயம். அவர் மேல் தப்பே இல்லை. எழுதியிருந்ததைத்தான் படித்தார்.

படத்தில் அந்தக் குடும்பம் செய்வது வைன். லத்தீன் ‘வீனும்’ வழி வந்த சொல். திராட்சையைப் புளிக்க வைத்து எடுப்பது. அவ்வளவுதான்.

சாராயம் அப்படியல்ல. புளித்ததை அடுப்பில் ஏற்றி, ஆவியைக் குளிரவைத்து வடிப்பது. வைனில் பெரும்பாலும் நூற்றுக்கு 12 முதல் 14 பங்கு ஆல்கஹால். காய்ச்சி வடித்த விஸ்கி, பிராந்தியில் ஏறக்குறைய 40 பங்கு. வைனுக்கு அடுப்பே வேண்டாம். பழத்தை நசுக்கினால் ஈஸ்ட் அதன் இனிப்பைத் தின்று புளிக்க வைத்துவிடும். காய்ச்சாத ஒன்றைக் ‘காய்ச்சும் குடும்பம்’ என்று எப்படி எழுத மனம் வந்தது? இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரத்து அந்தினோரி குடும்பம் 1385 முதல் 26 தலைமுறையாக வைன் தொழிலில் இருக்கிறது. அவர்களையும் சாராயக் குடும்பம் என்பார்களா? அதுவும் எங்கள் ஊரில்! 1947-இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்த மண் இது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ‘நாட்டுச் சாராயம்’ என்றால் அடி, அழுகை, அடகுக்குப் போன தாலி. அந்தச் சொல்லைத் தூக்கி ஒரு தாத்தாவின் தலையில் வைப்பது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையல்ல, அவமதிப்பு.

சரி, ‘திராட்சை ரசம்’? வேதாகமத்தில் கானாவூர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமாகிறது. அங்கே அது பழகிய வழக்கு, மதிக்கிறேன். வெளியே அந்தச் சொல்லில் புளிப்பு ஏறியதற்கு அடையாளமே இல்லை. சிறுபிள்ளைக்கு ஊற்றிக்கொடுக்கும் சாறு என்றே தோன்றும். ‘மது’ கள், பியர், விஸ்கி எல்லாவற்றுக்கும் பொது. திராட்சைக்குக் ‘கொடிமுந்திரி’ என்பது தூய தமிழ்தான், ஆனால் இங்கே முந்திரி என்றதும் பாயசத்தில் போடுவதுதான் கண்முன் வரும்.

நம்மிடம் இருக்கும் சொல் தேறல். புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்து மணக்கும் தேறலைப் பாண்டியன் நன்மாறன் நாளும் பருகி இனிது வாழ வாழ்த்துகிறார். கடல் கடந்து வந்த வைனுக்கு அன்றே இட்ட பெயர் அது. வேர் ‘தேறு’, தெளிதல். ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக வந்தால் பாட்டி பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரசிவிடுவார். கொஞ்ச நேரத்தில் மண்டி அடியில் தங்கி, மேலே தண்ணீர் கண்ணாடிபோல் நிற்கும். வைனும் அப்படித்தான்: மண்டி படிய விட்டு, தெளிந்ததை மட்டும் வேறு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். செய்முறையே சொல்லுக்குள் இருக்கிறது.

தேறல் யாருக்குப் புரியும் என்று கேட்கிறார்கள். ‘பையன் பரீட்சையில தேறிட்டான்’, ‘அம்மாவுக்கு உடம்பு தேறிடுச்சு’ என்று தினமும் பேசுகிறவர்களுக்குப் புரியாதா? சங்க காலத்தில் கள்ளின் தெளிவுக்கும் இதே பெயர்தான். அதனால் திராட்சைத் தேறல் என்று சேர்த்துச் சொன்னால் குழப்பமில்லை. அது வராவிட்டால் ‘வைன்’ என்றே எழுதுங்கள், மன்னித்துவிடலாம்.

அப்புறம் அந்த ‘நிலையான’. ஆங்கிலத்தின் ‘சஸ்டெய்னபிள்’ (sustainable) என்பதற்கு இட்ட சொல்லாகத்தான் இருக்க வேண்டும். நிலையான வைன் என்றால் கெட்டுப்போகாத வைன் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். படத்தில் அந்தப் பேத்தி காட்டியது கொடிகளுக்கு நடுவே வளரவிட்ட புல்லையும், மருந்தடிக்காத மண்ணையும். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டுகிறவர்கள் படத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா? இப்போதெல்லாம் எந்த நிகழ்ச்சியிலும் இதே கதைதான்.

இப்படி எழுதியிருக்கலாம்: ‘நான்கு தலைமுறையாகத் திராட்சைத் தேறல் செய்யும் குடும்பம். மண்ணைக் கெடுக்காத உள்ளூர்த் தேறலே இவர்கள் கனவு.’