ரத்தம் வடிக்கும் வைத்தியம் 2,000 வருஷம் நிலைத்தது எப்படி?

காய்ச்சலில் கொதித்து, முகம் சிவந்து, நாடி படபடவென்று அடிக்கப் புலம்பிக்கொண்டு கிடக்கும் ஒருவரின் முழங்கை மடிப்புச் சிரையைக் கீறி, முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் அவர் அடங்கிவிடுவார். முகச் சிவப்பு போய்விடும், தோல் சில்லென்று ஆகும், வியர்க்கும், புலம்பல் நிற்கும். கட்டிலைச் சுற்றி நிற்கிற எல்லோரும் பார்க்க இது நடக்கும். பழைய கிரேக்கத்தில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரை இந்த வைத்தியம் நிலைத்ததற்கு இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அன்றைய வைத்தியர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் கண்டதைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

சரி, அவர்கள் கண்டது என்ன? வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. முக்கால் லிட்டர் வரை போனால் சிரைகள் சுருங்கியே சமாளித்துவிடும். அதற்கு மேல் போகப் போக, ரத்த அழுத்தம் சரியாமல் இருக்க அட்ரினலின் சுரந்து, தோலுக்குப் போகும் சிறு தமனிகள் இறுகி, மிச்சமிருக்கும் ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் திருப்பிவிடப்படுகிறது. தோல் வெளுப்பதும் குளிர்வதும் வியர்ப்பதும் இதனால்தான். அப்புறமும் இழப்பு தொடர்ந்தால் மூளைக்கே ரத்தம் போதாமல் சோர்வு வரும், மயக்கம் வரும். மயங்கி விழும்வரை வடிப்பதே சரியான அளவு என்று பலர் கடைப்பிடித்தார்கள். அதாவது ரத்த இழப்பால் உடம்பு நிலைகுலையும் ‘ஷாக்’ நிலையின் ஆரம்ப அறிகுறிகளைக் குணமாவதன் அறிகுறிகளாகப் படித்துவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு: இழந்த திரவத்தை உடம்பு திசுக்களிலிருந்து இழுத்து ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடும், ஆனால் சிவப்பணுக்கள் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகும். அதனால் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் வடித்தால், ஏற்கெனவே நீர்த்துப்போன ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறன் இன்னும் இறங்கிக்கொண்டே போகும்.

இதற்குக் கோட்பாட்டுத் துணையும் இருந்தது. ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கறுப்புப் பித்தம் என்ற நான்கும் சமநிலை தவறினால் நோய் என்று கிரேக்க மருத்துவம் சொன்னது. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த காலன் என்ற மருத்துவர், உணவிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதைச் செலவழிக்கின்றன என்று நினைத்தார். அப்படியானால் செலவாகாத ரத்தம் தேங்கும், தேங்கியதை வெளியேற்ற வேண்டும். பழைய இந்தியாவின் சுஸ்ருதர் எழுதிய மருத்துவ நூலிலும், ரத்தத்தை உறிஞ்ச அட்டைப் பூச்சியை விடும் முறை விரிவாக வருகிறது. 1628இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர், அரை மணி நேரத்தில் இதயம் வெளியே தள்ளும் ரத்தம் உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தையே மிஞ்சிவிடுகிறது, எனவே அது சுற்றித்தான் வரவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். காலனின் அடித்தளம் அதோடு இடிந்தது. வைத்தியம் மட்டும் அப்படியே நின்றது.

1799 டிசம்பரில் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்குத் தொண்டை வீங்கி மூச்சு முட்டியது. மருத்துவர் வந்து சேரும் முன்பே, ரத்தம் எடு என்று அவரே கேட்டு எடுக்க வைத்தார். ஏறக்குறைய அரை நாளுக்குள் நான்கு முறை, மொத்தம் 2.3 லிட்டருக்கும் மேல் வடித்தார்கள். வந்திருந்த மருத்துவர்கள் மூவரில் வயதில் இளையவரான எலிஷா டிக், இனி வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தும் நடக்கவில்லை. அன்றிரவே வாஷிங்டன் இறந்துபோனார். தொண்டை அடைப்பே அவரைக் கொன்றிருக்கக்கூடும், ஆனால் மூச்சுக்குத் திணறுகிற ஒருவரிடமிருந்து ஆக்ஸிஜனைச் சுமக்கும் பொருளையே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள் என்பதைப் படிக்கும்போது வேதனையாகத்தான் இருக்கிறது.

இந்த நம்பிக்கையை முதலில் ஆட்டியது எண்ணிக்கை. பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் நிமோனியா நோயாளிகள் 77 பேரின் குறிப்புகளை எடுத்து எண்ணினார். நோய் வந்த முதல் நான்கு நாளுக்குள் ரத்தம் எடுக்கப்பட்ட 41 பேரில் 18 பேர் இறந்திருந்தார்கள், அதன் பிறகு எடுக்கப்பட்ட 36 பேரில் 9 பேர். ரத்தமே எடுக்காத ஒரு குழு அதில் இல்லை, குழுக்களும் சிறியவை, அதனால் அதை இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. அவரும் இந்த வைத்தியத்தை முற்றாக நிராகரிக்கவில்லை, நினைத்த அளவுக்குப் பலன் இல்லை என்றார். ஆனாலும் ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், பலரைச் சேர்த்து எண்ண வேண்டும் என்ற அந்த யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் பெரும்பாலான காய்ச்சல்கள் தானாகவே குணமாகும், பிழைத்தவர் வைத்தியத்தைப் புகழ்வார், இறந்தவர் வந்து சாட்சி சொல்ல முடியாது. லூயி எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1833இல் மட்டும், பிரான்ஸ் 4 கோடிக்கும் மேல் அட்டைகளை இறக்குமதி செய்தது!

அட்டைக்கு இன்றும் வேலை உண்டு. துண்டான விரலை ஒட்டும்போது தமனியைத் தைத்துவிடலாம், மெல்லிய சிரைகளைத் தைப்பது மிகக் கடினம். ரத்தம் உள்ளே வரும், வெளியேற வழியில்லாமல் விரல் நீலம் பாரித்து வீங்கும். அங்கே அட்டையை விட்டால் 5 முதல் 15 மில்லி வரை உறிஞ்சும். அதன் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாமல் தடுப்பதால், அட்டை விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து மணிக்கணக்கில் கசியும். சில நாளில் புதிய சிரைகள் முளைக்கும்வரை இப்படித் தாக்குப்பிடித்தால் விரல் பிழைத்துக்கொள்ளும்.

கத்திக்குப் பதில் ஊசியால் ரத்தம் எடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரை நோயில் குடல் இரும்பை அளவுக்கு மேல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதிகப்படி இரும்பை வெளியேற்ற உடம்பில் தனி வழி கிடையாது, அது கல்லீரலிலும் இதயத்திலும் கணையத்திலும் படிந்து அவற்றைக் கெடுக்கும். ஆனால் சாதாரணமாக உடம்பின் இரும்பில் பெரும்பகுதி சிவப்பணுக்களில்தான் இருக்கிறது. அரை லிட்டர் ரத்தம் எடுத்தால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியே போகும், புது சிவப்பணுக்களைச் செய்ய உடம்பு தேங்கிய இரும்பை எடுத்துப் பயன்படுத்தும். வாரம் ஒருமுறை என்று மாதக்கணக்கில் எடுத்து அளவைக் கீழே கொண்டுவந்த பிறகு, வருஷத்துக்குச் சில முறை எடுத்தால் போதும். கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போவதற்கு முன்பே தொடங்கிவிட்டால், இவர்கள் மற்றவர்களைப் போலவே முழு ஆயுள் வாழலாம்.