பாலிசி: கொள்கையா, விதியா?

கணினித் தமிழாக்கங்களில் 'பாலிசி' வரும் இடமெல்லாம் 'கொள்கை' என்று எழுதிவிடுகிறார்கள். தனியுரிமைக் கொள்கை என்னும்போது அது பொருந்துகிறது. பள்ளிக் கணினிகளின் உலாவி அமைப்புகளைப் பற்றிப் பேசும்போது அதே சொல் பழுது பார்ப்பவரைத் திசைதிருப்புகிறது.

மூலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேக்கத்தில் 'போலிஸ்' என்றால் நகர அரசு. அதிலிருந்து ஆட்சிமுறையைக் குறிக்கும் சொல் பிறந்து, லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காப்பீட்டுப் பாலிசிக்கு வேர் வேறு. சீட்டைக் குறிக்கும் இத்தாலியச் சொல் அது. கணினியில் பாலிசி என்பது நிர்வாகி ஓரிடத்தில் குறித்துவைத்து, வலையமைப்பில் உள்ள கணினிகள் அனைத்திலும் அமலாகும் அமைப்பு (செட்டிங்). விண்டோஸ் 2000 இதைக் 'குரூப் பாலிசி' என்ற பெயரில் கொண்டுவந்தது. பயர்பாக்ஸ் உலாவி 2018இல், தன் 60ஆம் பதிப்பில், இதற்கெனத் தனிக் கோப்பையே ஏற்றுக்கொண்டது.

இனி 'கொள்கை'. கொள் என்ற வினையோடு 'கை' விகுதி சேர்ந்த சொல். ஒருவர் தாமே மனத்தில் கொள்வது கொள்கை. 'ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்' என்று புறநானூறு சொல்வது அவர்கள் தாமே வரித்துக்கொண்ட ஒழுக்கத்தை. பள்ளிக் கணினிக் கூடத்தில் இருக்கும் கணினி எதையும் வரித்துக்கொள்வதில்லை, அதன்மேல் விதிக்கிறார்கள். வரி விதிக்கிறோம், தடை விதிக்கிறோம், நிபந்தனை விதிக்கிறோம். மேலிருந்து வருவதற்குத் தமிழில் இப்படிப் பழகிய வினை இருக்கும்போது கொள்கையைத் தேடிப்போக வேண்டிய தேவை என்ன?

கூடத்தில் நடப்பதைப் பாருங்கள். உலாவியின் முகப்புப் பக்கம் மாறவில்லை. அமைப்பு சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கிறது. ஆசிரியர் தற்காலிகக் கோப்புகளை அழிக்கிறார், உலாவியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார். அப்போதும் அதே பக்கம்தான் வருகிறது. மதிப்பு உலாவிக்குள் இல்லை, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. அங்கே அது சர்வரிலிருந்து வந்தது. குரோமின் பாலிசி பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொன்றின் பெயர், மதிப்பு, எங்கிருந்து வந்தது, கட்டாயமா பரிந்துரையா, பிழை உண்டா என எல்லாம் வரிசையாக இருக்கும். அந்தப் பக்கத்துக்குக் 'கொள்கைகள்' என்று பெயர் வைத்தால், யாரும் படிக்காத சட்ட அறிக்கை என்று நினைத்து ஆசிரியர் மூடிவிடுவார். 'நிர்வாக விதிகள்' என்றிருந்தால் நின்று படிப்பார்.

விதி வடசொல், 'நெறி' என்று எழுதலாமே என்கிறார்கள் தூய தமிழ் அன்பர்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நெறி என்பது நடக்க வேண்டிய வழி. வழியிலிருந்து விலகவும் முடியும். உறைந்து நிற்கும் அமைப்பிலிருந்து பயனர் விலக முடியாது. 'வழிகாட்டுதல்' இன்னும் மோசம், அதில் கட்டாயமே இல்லை. விதி என்றால் தலைவிதி என்று படித்துவிடுவார்கள் என்பதும் வாதமல்ல. போக்குவரத்து விதியை யாரும் அப்படிப் படிப்பதில்லை. ஒரு குறை மட்டும் உண்டு: பயனர் மாற்றிக்கொள்ளக்கூடிய பாலிசிகளுக்கு 'விதி' கடுமையாகிவிடுகிறது. அவற்றைப் 'பரிந்துரை' என்றே தனித்து அழைக்கலாம்.

'குரூப் பாலிசி'யைக் 'குழுக் கொள்கை' என்பதோ ஒரு குழு வைத்திருக்கும் கருத்து போலத் தொனிக்கிறது. பலரையும் பல கணினிகளையும் தொகுத்து ஆள்வதால் 'தொகுதி விதி' போதும். திரையைப் பார்க்காமல், சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பதால்தான் இந்த ஒட்டாத சொற்கள் வந்து சேர்கின்றன.

'கொள்கை'யை இங்கே செலவழித்துவிட்டால் அது உண்மையாகத் தேவைப்படும் இடத்தில் இல்லாமல் போகும். மாணவர் கவனம் சிதறக் கூடாது என்பது பள்ளியின் கொள்கை. இன்னின்ன தளங்களைத் தடு என்று சர்வரில் எழுதியிருக்கும் வரிதான் விதி. பாடத்துக்கு வேண்டிய தளமும் சேர்ந்து தடைபட்டால், கொள்கையை அப்படியே வைத்துக்கொண்டு அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும். திருத்திய விதி விண்டோஸ் கணினிகளுக்குத் தானாகப் போய்ச்சேர வழக்கமாக 90 முதல் 120 நிமிடம் வரை ஆகலாம்.